முதல் தடவை பை கிடையாது

என் அண்ணியை இந்தக் குடியிருப்பில் எமன் என்று கூப்பிடுகிறார்கள். முகத்துக்கு நேராக இல்லை, அதற்குத் துணிச்சல் வேண்டும். லிஃப்டுக்குள் போய்க் கதவு மூடியதும் கூப்பிடுகிறார்கள். ஒருநாள் மூலையில் துணி மூட்டையோடு நான் நிற்பதைக் கவனிக்காமல் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். "எமன்னா எருமை வேணுமே, எங்க அது?" என்று கேட்டேன். "ஓ, கீழ நிக்கிற சாம்பல் கலர் வேனா?" என்று நானே பதிலும் சொன்னேன். நான்காம் மாடிக்குப் போக வேண்டியவர்கள் முதல் மாடியிலேயே இறங்கிப் படியேறினார்கள். உடம்புக்கு நல்லதுதான்.

அண்ணி கால்நடை மருத்துவர். இனி தேறாது என்று ஆகிவிட்ட நாய்க்கும் பூனைக்கும் அவற்றின் வீட்டுக்கே போய், வலியில்லாமல் உயிர் பிரிய ஊசி போடுகிறவர். ஊசியோடு அவர் வேலை முடிந்துவிடாது. உடலைத் துணியில் சுற்றி எடுத்துவந்து, எரித்து, சாம்பலை வீட்டுக்காரர் கையில் கொடுக்கிறவரைக்கும் அவர் பொறுப்பு. நான் அவருடைய நாத்தனார். எனக்குத் தையல் வேலை. அந்தத் துணிகளைத் தைப்பதும், வருகிற போன்களை எடுப்பதும் நான்தான். நாத்தனார் வாயைப் பற்றி ஊர் சொல்வது எல்லாம் உண்மை. அந்த வாயை அண்ணி எப்படிப் பயன்படுத்துகிறார் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

என் அண்ணன் இருக்கிறாரே, அவருக்கு நாய் என்றால் பயம். பூனை என்றாலும் கொஞ்சம் பயம்தான். எப்படித்தான் இந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டார் என்று கேட்டால், "அவ கடிக்க மாட்டாளே" என்பார். அவர் முழுதாகச் சொல்கிற வாக்கியங்களே அவ்வளவுதான்.

அண்ணி முன்பு ஒரு பெரிய பிராணிகள் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார். அங்கே எல்லாமே இரும்பு மேசையில்தான். வயதான நாயைத் தூக்கி மேசைமேல் வைத்தால் நகம் வழுக்கும், கால் விரிந்துபோகும், பக்கத்து அறையில் இன்னொரு நாய் கத்தும். அந்தப் பயத்திலேயே அதற்கு ஊசி இறங்கும். பிறகு கறுப்புக் குப்பைப் பை. ஒரு கிழட்டுப் பூனை அலமாரிக்குப் பின்னால் போய் ஒடுங்கிக்கொண்டது. அதைத் துடைப்பக்கட்டையால் தள்ளி வெளியே எடுத்து ஊசி போட்டார்கள். அன்று மாலையே அண்ணி பெரிய டாக்டரின் அறைக்குப் போய் வேலையை விடுவதாகச் சொன்னார்.

"வீடு வீடாப் போய் ஊசி போடப்போறியா? கொசு மருந்து அடிக்கிறவங்க மாதிரி?" என்று அந்த மனிதர் சிரித்தாராம்.

"ஆமா சார். சாகறதுதான் சாகுது, பயந்துகிட்டு ஏன் சாகணும்?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டார்.

அண்ணியின் வேலைக்குச் சில சட்டங்கள் உண்டு. முதலாவது, முதல் தடவை போகும்போது மருந்துப் பை கிடையாது. சட்டைப் பையில் ஸ்டெதஸ்கோப் மட்டும். போய்த் தரையில் உட்கார்ந்துவிடுவார். கொடுத்தால் டீ குடிப்பார். நாய் எழுந்து வருகிறதா, வாலை ஆட்டுகிறதா, எதைத் தேடுகிறது, யார் காலடியில் படுக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பார். "பையோட போனா கை சும்மா இருக்காது" என்பார். மறுமுறைதான் பை. மடியில் தலை வைத்திருக்கும்போதே தோலுக்கடியில் ஒரு ஊசி, அது அசந்து தூங்கிய பிறகு நரம்பில் இன்னொன்று. நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு, "இறந்துடுச்சு" என்று தெளிவாகச் சொல்வார். போயிடுச்சு, தூங்கிடுச்சு என்றெல்லாம் பூசி மெழுகுகிற வழக்கம் அவரிடம் இல்லை. வீட்டில் வேறு நாயோ பூனையோ இருந்தால் அதையும் கூட்டிவந்து மோந்து பார்க்கவிடுவார். பார்க்காவிட்டால் அது வீடு முழுக்கத் தேடித் திரியுமாம்.

அதற்குப் பிறகு என் துணி. இரட்டைப் பருத்தி, நாலு பக்கமும் பிடி வைத்துத் தைத்தது. வீட்டுக்காரர்களே ஆளுக்கொரு பிடியாகப் பிடித்து வேன்வரைக்கும் தூக்கிவருவார்கள். எத்தனையோ பெரிய மனிதர்கள் அந்தப் பிடியை விட மனசில்லாமல் வேன் கதவருகே நின்றதை அண்ணி சொல்லியிருக்கிறார். ஊருக்கு வெளியே பிராணிகளை எரிக்கிற உலைக்காரர் தினமும் வரமாட்டார். அவர் வருகிறவரைக்கும் உடல் கெடாமல் இருக்க, கீழே எங்கள் கார் நிறுத்துகிற அறையில் குளிர்ப்பெட்டி ஒன்று வைத்திருந்தோம். அந்தப் பெட்டி இல்லாவிட்டால் மறுபடியும் கறுப்புப் பைதான். குடியிருப்புக்காரர்களின் கண்ணை உறுத்தியது அந்தப் பெட்டிதான்.

"கீழ பிணத்த வெச்சுகிட்டு நாங்க எப்படிம்மா மேல நிம்மதியாத் தூங்கறது?" என்று சங்கச் செயலாளர் ஒருநாள் வீட்டு வாசலில் வந்து நின்றார். மூன்றாம் மாடிக்காரர். நல்ல வேலை, நல்ல சட்டை, பேச்சில் பன்னீர் தெளிப்பவர்.

"உங்க வீட்டு ஃப்ரிட்ஜுல இருக்கிற கோழி என்ன, தூங்கிக்கிட்டா இருக்கு?" என்று அண்ணி கேட்டார்.

நான் உள்ளே தையல் மெஷின்மேல் கவிழ்ந்து சிரித்தேன். ஆனால் கோழியைச் சொன்னதால் பகை முற்றியது. அடுத்த சங்கக் கூட்டத்தில் பெட்டியை எடுக்கச்சொல்லி ஓட்டெடுப்பு என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள்.

அந்தக் கூட்டத்துக்குச் சில நாள் முன்பு அதே செயலாளர் மறுபடியும் வந்தார். இந்தத் தடவை பன்னீர் கொஞ்சம் அதிகம். அவருடைய அப்பா வளர்க்கிற நாய்க்குச் சிறுநீரகம் போய்விட்டதாம், ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்களாம். சீக்கிரம் வந்து முடித்துக்கொடுக்க வேண்டும். அவருக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்திருக்கிறது, குடும்பத்தோடு கிளம்புகிறார், அப்பாவை முதியோர் இல்லத்தில் சேர்க்க ஏற்பாடாகிவிட்டது.

அந்த அப்பாவை எனக்குத் தெரியும். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்றவர். மனைவி இறந்த வருடம் யாரோ ஒரு நாய்க்குட்டியைச் செய்தித்தாளில் சுற்றி அவர் கையில் திணித்துவிட்டுப் போனார்களாம். அதனால் அதன் பெயர் பொட்டலம். இப்போது கிழவி. காலையும் மாலையும் இரண்டு பேரும் காம்பவுண்டைச் சுற்றி வருவார்கள், யார் யாரை நடத்திக்கூட்டிப் போகிறார்கள் என்று சொல்ல முடியாது.

அண்ணி என்னையும் கூப்பிட்டார். "நீ பேசிக்கிட்டே இரு, நான் பாக்கறேன்" என்றார். நாத்தனார் வாய்க்குக் கிடைத்த உத்தியோகம் இதுதான்.

மூன்றாம் மாடி வீடு முழுக்க அட்டைப் பெட்டிகள். பெரியவர் நாற்காலியை விட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தார். அவர் பாதத்தின்மேல் முகத்தை வைத்துப் பொட்டலம் படுத்திருந்தது. அதைக் குளிப்பாட்டித் தலைவாரி விட்டிருந்தார். அவருக்குத்தான் சவரம் செய்யாத முகம். இரண்டு நாளாக மாமனார் சாப்பிடவில்லை என்று மருமகள் என் காதில் சொன்னாள்.

செயலாளர் அண்ணியின் கையைப் பார்த்தார். "பை எங்க டாக்டர்?"

"முதல் தடவ பை கிடையாது" என்று சொல்லிவிட்டு அண்ணி தரையில் உட்கார்ந்தார்.

நான் மருமகளிடம் வெளிநாட்டுக் குளிரைப் பற்றிக் கேட்டேன், அவள் மாமியார் காலத்து இரும்பு அலமாரியை என்ன செய்யப்போகிறார்கள் என்று கேட்டேன். கேட்கக்கூடாததை எல்லாம் கேட்டேன். இதற்கிடையில் பொட்டலம் எழுந்தது. சமையலறை வாசலுக்குப் போய் ஒரு மூலையை மோந்தது. அங்கே ஒன்றும் இல்லை. திரும்பிக் குளியலறைக்குப் போய், முன்னங்காலை வாளி விளிம்பில் தூக்கி வைத்துத் தண்ணீர் குடித்தது. வருகிற வழியில் பால்கனிக் கதவோரம் நின்று அங்கேயும் வெறும் தரையைப் பார்த்தது.

"அதோட தண்ணிக் கிண்ணம் எங்க?" என்று அண்ணி கேட்டார்.

மருமகள் கணவனைப் பார்த்தாள். "தூக்கிப் போட்டுட்டோம். படுக்கையையும் இன்னிக்குக் காலையில கீழ போட்டாச்சு. நீங்க இன்னிக்கே முடிச்சிடுவீங்கன்னு..."

நாய் உயிரோடு இருக்கும்போதே அதன் கிண்ணத்தைக் குப்பையில் போட்ட வீட்டை நான் அன்றுதான் பார்த்தேன். எனக்கு அடிவயிற்றிலிருந்து கோபம் வந்தது. அண்ணி பொட்டலத்தின் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார், வாயை மோந்தார், வயிற்றை அமுக்கினார். வீட்டில் அங்கங்கே சிறுநீர் போகிறதா என்று கேட்டார். தூக்கத்தில் தானாகக் கசிகிறது, விரிப்பெல்லாம் நாசம் என்று மருமகள் சொன்னாள். ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டைக் கேட்டார். மூட்டை கட்டினதில் எங்கேயோ போய்விட்டது என்றார் செயலாளர். அண்ணி கீழே போய் ஒரு சின்ன ஊசிக்குழலோடு வந்து, கொஞ்சம் ரத்தம் மட்டும் எடுத்துக்கொண்டார்.

கிளம்பும்போது பெரியவர் அண்ணியின் புடவை நுனியைப் பிடித்தார். "வலிக்காதுல்ல டாக்டரம்மா? நான் அதுகிட்ட வலிக்காதுன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

"நாளைக்கு வந்து சொல்றேங்க" என்றார் அண்ணி.

மறுநாள் ரத்தப் பரிசோதனை வந்தது. சிறுநீரகத்தில் ஒரு குறையும் இல்லை. கருப்பை எடுத்த பெண் நாய்களுக்கு வயதானால் அந்தக் கசிவு வருவதுண்டாம், மாத்திரையில் அடங்கிவிடுமாம். அண்ணி கீழே குளிர்ப்பெட்டியில் ஒரு பூனையை வைத்துக்கொண்டிருந்தபோது செயலாளரே அங்கே வந்து நின்றார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். என்னை அவர் ஒரு ஆளாகவே எண்ணவில்லை.

"எந்த டாக்டர் சார் சிறுநீரகம் போச்சுன்னு சொன்னது?" என்று அண்ணி கேட்டார்.

அவர் இந்தத் தடவை பன்னீர் இல்லாமல் பேசினார். "யாரும் சொல்லல. நாங்கதான் அப்பாகிட்ட அப்படிச் சொன்னோம். அந்த இல்லத்துல நாய உள்ள விடமாட்டாங்க டாக்டர். உயிரோட எங்கயாவது விட்டா, எங்க இருக்குமோ, சாப்பிட்டுச்சோன்னு நெனச்சே அவர் செத்துடுவாரு. செத்துப்போச்சுன்னா நாலு நாள் அழுதுட்டு மனசத் தேத்திக்குவாரு. நான் அவருக்கு நல்லதுதானே நெனக்கிறேன்?"

அந்த மனிதனுக்குக் கண் கலங்கியிருந்தது. அவர் நடிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

"அவர் மனசத் தேத்திக்க ஒரு உயிரா?" என்றார் அண்ணி. "என்னால முடியாதுங்க."

"வேற ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போக எவ்வளவு நேரமாகும்? வீட்டுல அமைதியா நடக்கட்டும்னுதான் உங்கள்ட்ட வந்தேன்." அவர் பெட்டியின்மேல் கை வைத்தார். "இந்தப் பெட்டி விஷயத்த நான் பாத்துக்கறேன். ஓட்டெடுப்பே வராது. அப்பாகிட்ட மட்டும் எதுவும் சொல்லாதீங்க. சொன்னீங்கன்னா, கூட்டத்துல ஒரு கைகூட உங்க பக்கம் வராது."

பெட்டி போனால் அண்ணியின் தொழில் பாதி போகிறது. துணி தைத்து நான் என்ன செய்வது, கறுப்புப் பைக்கு உறை போடுவதா? அண்ணி பெட்டிக் கதவை மெதுவாக மூடினார். கையைக் கழுவினார். நகக்கண்ணெல்லாம் தேய்த்துக் கழுவினார். பிறகு லிஃப்டைப் பார்த்து நடந்தார். செயலாளர் பின்னாலேயே ஓடினார், நான் அவருக்குப் பின்னால் ஓடினேன். மூன்று பேரும் மூன்றாம் மாடிவரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் போனோம்.

பெரியவர் அதே இடத்தில், அதே தரையில் இருந்தார். அண்ணியைப் பார்த்ததும் அவர் கையில் பை இருக்கிறதா என்று தேடினார். "இன்னிக்குப் பை கொண்டாந்திருக்கீங்களா?"

"இல்லீங்க. கொண்டுவர மாட்டேன்" என்று அண்ணி அவர் எதிரில் உட்கார்ந்தார். "பொட்டலத்துக்குச் சாகற வியாதி எதுவும் இல்ல. சிறுநீரகம் நல்லா இருக்கு. வயசானதுல ஒழுகுது, அவ்வளவுதான். மாத்திரை தரேன், சரியாயிடும்."

நான் எதிர்பார்த்தது சந்தோஷத்தை. அவர் முகத்தில் அது வரவில்லை. நாயைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், அட்டைப் பெட்டிகளைப் பார்த்தார். எல்லாம் புரிந்துபோயிற்று.

"யாருடா சொன்னது அது சாகப்போகுதுன்னு?"

"அப்பா, உங்களுக்காகத்தான்..."

"நான் ராத்திரி பூரா அதுகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிட்டு இருந்தேன்டா. காப்பாத்த முடியலையேன்னு. உனக்குக் கேட்டுச்சில்ல? அடுத்த ரூம்லதானே படுத்திருந்த?"

பெரியவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கைத்தடியை எடுத்தார். தானே லிஃப்டில் இறங்கி, குப்பை அறைக்குப் போய், குவியலுக்கு நடுவிலிருந்து பொட்டலத்தின் படுக்கையை இழுத்தார். நான் உதவப் போனேன். "விடும்மா" என்றார். ஈரமும் நாற்றமுமாக இருந்த அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு, அலுவலகத்திலிருந்து ஜனங்கள் திரும்புகிற நேரத்தில், பின்வழியை விட்டு முன்வாசல் வழியாகவே மேலே கொண்டுபோனார். கிண்ணம் கிடைக்கவில்லை. வீட்டிலிருந்த நல்ல பீங்கான் தட்டில் அதற்குத் தண்ணீர் வைத்தாராம். முதியோர் இல்லத்துக்குப் போன் போட்டு, நான் வரவில்லை என்றும் அவரே சொல்லிவிட்டார்.

கூட்டம் ஞாயிற்றுக்கிழமை காலை, கீழ்த்தளத்துப் பொது அறையில். செயலாளர் எழுந்து சுகாதாரம், குழந்தைகளின் மனநிலை, கட்டடத்தின் மதிப்பு என்று அழகாகப் பேசினார். சொந்த வீட்டு விஷயத்தில் டாக்டர் அத்துமீறித் தலையிட்டதையும் பெயர் சொல்லாமல் சொன்னார். அண்ணியைப் பேசக் கூப்பிட்டார்கள்.

"உங்க யார் வீட்டுல நாயோ பூனையோ இருந்தாலும் ஒருநாள் சாகும்" என்றார் அண்ணி. "அன்னிக்கு அது குப்பையில கிடக்கக்கூடாதுன்னா இந்தப் பெட்டி வேணும். கிடக்கட்டும்னா எடுத்துடுங்க. ஆனா பெட்டிய எடுத்தா நான் நிறுத்திடுவேன்னு நெனக்காதீங்க." அவ்வளவுதான். அவருக்குக் கெஞ்ச வராது.

வீட்டுக்கு ஒரு கை என்பது கணக்கு. பெட்டியை எடுக்க வேண்டும் என்கிறவர்கள் தூக்குங்கள் என்றதும் கைகள் எழும்பின. முதல் கை செயலாளருடையது. எங்கள் பக்கம் தூக்குங்கள் என்றபோது என் அண்ணன் தூக்கினார். முழங்கைவரை வியர்த்திருந்தது, ஆனாலும் தூக்கினார். ஓட்டே இல்லாத நானும் தூக்கினேன், யார் கேட்டால் என்ன. இரண்டாம் மாடிப் பூனைக்காரம்மா தூக்கினார். வேறு யாரும் இல்லை என்று நினைத்தபோது கடைசி வரிசையில் ஒரு கை எழுந்தது. இன்னொரு கையில் நாய்ச் சங்கிலி.

"அப்பா, நம்ம வீட்டுக் கை முன்னாடியே எண்ணியாச்சு" என்று செயலாளர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். "இறக்குங்க."

"வீடு யார் பேர்ல இருக்கு?" என்று பெரியவர் கேட்டார்.

வீடு பெரியவர் பெயரில் இருப்பது எல்லாருக்கும் தெரியும்.

"என்னைக் கேக்காம என்னை அனுப்ப இடம் பாத்த. என்னைக் கேக்காம என் நாயக் கொல்ல ஆள் கூப்பிட்ட. இப்ப என்னைக் கேக்காம என் கையத் தூக்கியிருக்க." அவர் குரல் உயரவே இல்லை. "இதோ இருக்கு என் கை. நீ எண்ணினதுல ஒண்ணக் கழிச்சிட்டு எழுதச் சொல்லு."

எழுதுகிறவர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் தலையைக் குனிந்துகொண்டு, "கழிச்சிடுங்க" என்றார்.

ஒன்று கழித்தும் நாங்கள் தோற்றோம். நன்றாகவே தோற்றோம். அண்ணி எழுந்து, "பெட்டி நாளைக்குச் சாயங்காலம் எங்க வீட்டு ஹாலுக்குப் போயிடும். எங்க வீட்டுக்குள்ள உங்க சங்கம் வராது. லிஃப்ட்லதான் ஏத்துவோம், உள்ள ஒரு பூனை இருக்கு. கூட வர மனசில்லாதவங்க படியில போங்க" என்றார்.

மறுநாள் எல்லாரும் வேலையிலிருந்து திரும்புகிற நேரமாகப் பார்த்து ஏற்றினோம். அண்ணன் ஒரு பக்கம், அண்ணி ஒரு பக்கம், நான் நடுவில் தாங்கல். பெரியவர் கைத்தடியை லிஃப்ட் கதவுக்குக் குறுக்கே கொடுத்து மூடவிடாமல் பிடித்துக்கொண்டார். பின்னால் ஜனங்கள் வரிசையாக நின்று கடிகாரத்தைப் பார்த்தார்கள். "கொஞ்சம் சீக்கிரம் ஆகட்டுமே" என்று ஒருவர் முணுமுணுத்தார்.

"இதுக்கெல்லாம் அவசரப்படக்கூடாது தம்பி" என்றார் பெரியவர். பெட்டி முழுதாக உள்ளே போகிறவரைக்கும் தடியை எடுக்கவில்லை. அவர் காலடியில் பொட்டலம் உட்கார்ந்து கொட்டாவி விட்டது.